உறைமோர், இட்லி மாவு, மடிநோய்: ஆச்சி பதில்கள்

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது கோட்டையூரில் இருக்கும் ஆச்சி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி புளிப்பைப் பற்றியே இருந்ததால், முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எங்கள் வீட்டு உறைமோர் அப்பத்தா காலத்திலிருந்து விடாமல் வருவது. சென்னையில் இருக்கும் மகள் போன தீபாவளிக்கு ஒரு தூக்கில் கொண்டுபோனாள். முதலில் கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி உறைந்ததாம். இப்போது நேரமும் அதிகம் ஆகிறது, தண்ணீரும் விட்டுக்கொள்கிறது என்கிறாள். அதே உறைதானே ஆச்சி, ஏன் மாறுகிறது?
வாசகி, தேவகோட்டை

பதில்: உறை அதேதான். உள்ளே குடியிருக்கிற ஆட்கள் மாறிவிட்டார்கள். வீட்டு உறைமோரில் ஒரே ஒரு பாக்டீரியா இருப்பதில்லை, பல வகை சேர்ந்துதான் இருக்கும். நம் ஊர் வெக்கையில், அதுவும் அடுப்புச் சூடு தங்குகிற சமையற்கட்டில், 40 டிகிரியை ஒட்டிய சூட்டை விரும்புகிறவை முந்திக்கொள்ளும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ் எல்லாம் அந்த ரகம். ஏ.சி. ஓடுகிற ஃபிளாட்டில் 25 டிகிரியில் வைத்தால் லாக்டோகாக்கஸ் கை ஓங்கும். நேற்றைய தயிரில் எது அதிகமோ அதுதான் இன்றைக்கு உறையாகப் போகிறது. நாலைந்து மாதம் இப்படியே போனால் அது வேறு தயிர்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பாக்டீரியாவின் மரபணுக்களில் பெரும்பாலானவை ஒரு பெரிய டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். அது போக பிளாஸ்மிட் என்று சின்னச் சின்ன வளையங்களும் சிலவற்றுக்கு உண்டு. லாக்டோகாக்கஸில் பால் சர்க்கரையை உள்ளே இழுத்து உடைக்கிற மரபணுக்களும், பால் புரதத்தை நறுக்குகிற நொதியின் மரபணுவும் பெரும்பாலும் இந்தச் சின்ன வளையங்களில்தான் இருக்கின்றன. 1970களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரி மெக்கே இதைத் தோண்டித் துருவினார். செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு பிள்ளைக்குச் சில சமயம் வளையம் கிடைக்காமல் போய்விடும். சர்க்கரை வளையத்தை இழந்தது பாலில் பட்டினி கிடக்கும், அதோடு அதன் கதை முடிந்தது. புரத வளையத்தை இழந்ததோ சாமர்த்தியசாலி. பக்கத்து செல் நறுக்கிப் போடுகிற துண்டுகளை அது ஓசியில் சாப்பிடுகிறது, நொதி செய்கிற செலவும் மிச்சம். திரும்பத் திரும்ப உறை ஊற்ற ஊற்ற இந்த ஓசிச் சாப்பாட்டுக்காரர்கள் பெருகிவிடுவார்கள். உழைக்கிறவர்கள் குறைந்தால் பால் உறையத் தாமதமாகத்தானே செய்யும்?

தண்ணீர் விட்டுக்கொள்வதற்குக் காரணம் இதெல்லாம் இல்லாமலும் இருக்கலாம். மகளிடம் ஒன்று கேளுங்கள்: பாக்கெட் பாலைப் பொங்கக் காய்ச்சி ஆறவைக்கிறாளா, இல்லை மைக்ரோவேவில் வெதுவெதுப்பாக்கி அப்படியே உறை ஊற்றுகிறாளா? நன்றாகக் காய்ச்சும்போது பாலிலுள்ள மோர்ப் புரதங்கள் உருக்குலைந்து கேசின் என்ற இன்னொரு பால் புரதத்தின் துகள்களோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்த வலைதான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. பண்ணையில் பாஸ்ச்சரைஸ் செய்கிற சூடு அதற்குப் போதாது. எனக்கென்னவோ குற்றவாளி மைக்ரோவேவாகத்தான் இருக்கும் என்று படுகிறது. சரி, அடுத்த முறை ஊருக்கு வரும்போது புது உறை கொடுத்தனுப்புங்கள். அதில் கொஞ்சம் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தயிர் தடம் மாறும்போது ஒரு கட்டியை எடுத்துப் போட்டால் பழைய ஆட்கள் திரும்பி வருவார்கள்.

கேள்வி: சித்திரையில் மாவு நாலு மணி நேரத்தில் புளித்துக் கொட்டுகிறது. மார்கழியில் விடிந்தாலும் ஏறுவதில்லை. சோடா உப்பு போடச் சொல்கிறார் மாஸ்டர். போடலாமா?
சின்ன மெஸ் நடத்துபவர், காரைக்குடி

பதில்: மாவு ஏறுவது வேறு, புளிப்பது வேறு. செய்கிற ஆட்களும் எல்லாம் ஒன்றல்ல.

லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையை முழுதாக எரிப்பதில்லை. பாதியில் விட்டுவிடும். அதில் இரண்டு வழி. தயிர்க்காரர்கள் ஒரு குளுக்கோஸை உடைத்து இரண்டு லாக்டிக் அமிலம் ஆக்குவார்கள், வாயு கிடையாது. கிடைக்கிற சக்தி 2 ஏ.டி.பி. (செல் சக்தியைச் செலவழிக்கிற நாணயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). நம் உடம்புச் செல் அதே குளுக்கோஸிலிருந்து முப்பது வரை எடுத்துவிடும். இத்தனை குறைந்த வரும்படியில் பிழைக்க வேண்டுமென்றால் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்ன வேண்டியிருக்கிறது. மளமளவென்று புளிப்பு ஏறுவது அதனால்தான். இரண்டாவது வழி லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் போகிற வழி. ஒரு குளுக்கோஸுக்கு ஒரு லாக்டிக் அமிலம், கொஞ்சம் சாராயச் சத்து, ஒரு கார்பன் டை ஆக்சைடு. அதற்குக் கிடைப்பது 1 ஏ.டி.பி.தான், ஆனால் நமக்கு வாயு கிடைத்துவிடுகிறது. இட்லி மாவை ஏற்றுவது ஈஸ்ட் அல்ல, முக்கியமாக இந்த லூக்கோனாஸ்டாக்தான் என்று 1965லேயே முகர்ஜி, ஸ்டெயின்க்ராஸ் குழுவினர் எழுதிவிட்டார்கள். அந்த வாயு ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் வழவழப்பும். பழைய உளுந்து வாங்கிவிட்டு பாக்டீரியாவைத் திட்டிப் புண்ணியமில்லை.

லூக்கோனாஸ்டாக்குக்குப் பிடித்த சூடு 20 முதல் 30 டிகிரி. சித்திரையில் நம் ஊர் ராத்திரியே அதைத் தாண்டிவிடும், கிரைண்டர் கல்லின் சூடு வேறு. வாயுக்காரர் அசந்து நிற்க, அமிலக்காரர்கள் ஓடிவிடுகிறார்கள். அதனால் கோடையில் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். உப்பை அரைத்த உடனே போட்டுவிடுங்கள், அது வேகத்தைக் குறைக்கும். ஒரே அண்டாவில் வைக்காமல் சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள், பெரிய அண்டாவின் நடுவில் சூடு இறங்காது. ஏறியதும் ஃபிரிட்ஜ். மார்கழியில் இதற்கு நேர்மாறு: வெதுவெதுப்பான தண்ணீர், உப்பைக் காலையில் போடுவது, அடுப்பு மேடையை ஒட்டி வைப்பது. இரண்டு காலத்திலும் உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அரைக்கவே பயன்படுத்துங்கள். லூக்கோனாஸ்டாக் உளுந்தோடுதான் வருகிறது.

சோடா உப்பு வாயுவைத் தரும், ஆனால் இருக்கிற புளிப்பைத் தின்றுவிடும். பஞ்சு மாதிரி இட்லி வரும், வாயில் போட்டால் ஒன்றும் இருக்காது. மிஞ்சிப் புளித்த மாவு இருந்தால் வெங்காயம், மிளகாய் தாளித்துப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள். காரைக்குடியில் மெஸ் நடத்துகிறவருக்கு நான் இதைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: புதுவயல் பக்கம் இரண்டு மாடு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மடிநோய் வந்து, டாக்டர் ஊசி போட்டு, காம்பிலும் மருந்து ஏற்றினார். மறுநாள் பால் கொடுத்த வீடுகளில் தயிரே உறையவில்லை. தண்ணீர் கலந்துவிட்டேன் என்று பேச்சு. நான் கலக்கவில்லை.
பெயர் வேண்டாம்

பதில்: நம்புகிறேன். தண்ணீர் கலந்த பாலும் உறையும், தளர்வாக உறையும், அவ்வளவுதான். அடியோடு உறையாமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தைத்தான்.

பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். மடிநோய்க் கிருமி எது, தயிர் பாக்டீரியா எது என்று அதற்குத் தெரியாது. அதிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் பென்சிலினுக்கு மிகவும் பயந்தது, துளியூண்டு இருந்தாலும் சுருண்டுவிடும். வீட்டில் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று சொல்வார்கள். போகாது, பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

மருந்து அட்டையில் எத்தனை நாள் பால் விற்கக் கூடாது என்று போட்டிருக்கும். அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நாலு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும், ரத்தம் வழியாக மற்றதுக்கும் போகும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பாலைக் குடித்தால் ஆபத்து. அது இல்லாவிட்டாலும், ஊரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் குடித்துக்கொண்டிருந்தால் நோய்க்கிருமிகள் பழகிக்கொள்ளும். வாடிக்கை வீடுகளில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். தண்ணீர்ப் பழியைச் சுமப்பதைவிட அது மேல்.

கேள்வி: ‘கிரிஸ்பர் தொழில்நுட்பம் தயிரிலிருந்து வந்தது’ என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். நிஜமா, சும்மா சொன்னாரா?
முதுகலை மாணவர், காரைக்குடி

பதில்: பாதி நிஜம், தம்பி. மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்துகிற முறைதான் கிரிஸ்பர். அது வந்த கதையைச் சொல்கிறேன்.

பாக்டீரியாவைத் தாக்குகிற வைரஸ் உண்டு, ஃபேஜ் என்பார்கள். பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளில் திடீர் திடீரென்று உறை வேலை செய்யாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று 1935இல் நியூசிலாந்தில் வைட்ஹெட், காக்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். ஒரு தொட்டி பால் வீணானால் எவ்வளவு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள். அன்று முதல் ஃபேஜுக்குத் தப்புகிற உறை வேண்டும் என்று கம்பெனிகள் அலைந்துகொண்டிருந்தன.

இன்னொரு பக்கம், 1987இல் ஜப்பானின் ஒசாகாவில் இஷினோ குழுவினர் ஈ. கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து வரிசை இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப வருவதைப் பார்த்தார்கள். பின்னால் கிரிஸ்பர் என்று பேர் பெற்றது இதுதான். அப்போது எதற்கு என்று புரியவில்லை. 2005 வாக்கில் அந்த இடைவெளியில் இருப்பவை ஃபேஜ்களின் டி.என்.ஏ. துண்டுகளோடு பொருந்துகின்றன என்று தெரிந்தது. ஸ்பெயினின் மொஹிகா அதில் முக்கியமானவர். பரிசோதனை செய்து நிரூபித்தது டனிஸ்கோ என்ற உணவுப்பொருள் கம்பெனியின் ஆட்கள். ஹோர்வாத், பராங்கூ முதலானோர் தயிர் உறையில் உள்ள அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் மீது ஃபேஜை விட்டார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றின் டி.என்.ஏ.வில் அந்த ஃபேஜின் துண்டு புதிதாக ஒட்டியிருந்தது. துண்டை எடுத்தால் எதிர்ப்பு போனது, சேர்த்தால் வந்தது. 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள், எவ்வளவு சுத்தமான வேலை என்று தெரியும். 2012இல் டவுட்னாவும் ஷார்பென்டியேயும் அதைக் கத்தரிக்கோலாக்கினார்கள், 2020இல் நோபல் கிடைத்தது. ஆனால் அவர்கள் எடுத்த கேஸ்9 என்ற வெட்டும் நொதி தயிர்க்காரருடையது அல்ல, தொண்டைப்புண் வரவழைக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸுடையது. தாயாதிதான், ஆனால் பொல்லாத தாயாதி.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் பிடித்த பகுதி. லாக்டிக் பாக்டீரியாவில் முதலில் முழு மரபணுத்தொகுதி படிக்கப்பட்டது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ், 2001இல். சுமார் 24 லட்சம் எழுத்து. தெர்மோபிலஸ் 2004இல், 18 லட்சம்தான். ஈ. கோலையின் ஒரு ரகத்துக்கு 46 லட்சம். தெர்மோபிலஸின் மரபணுக்களில் பத்தில் ஒன்று உடைந்து செயலற்றுக் கிடக்கிறது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பையும் ஒரு கட்டையும் மட்டும் புழங்கிக்கொண்டு, மற்ற அறைகளைப் பூட்டிப் போட்டிருப்பார்களே, கதவு இருக்கும், நாதாங்கி துருப்பிடித்திருக்கும், உள்ளே யாரும் போவதில்லை. இதுவும் அப்படித்தான். பாலில் எல்லாம் தயாராகக் கிடைக்கும்போது பல வகைச் சர்க்கரைகளை உடைக்கிற மரபணு எதற்கு? நோய் உண்டாக்குகிற உறவுக்காரர்களிடம் இருக்கிற சில கருவிகளும் இப்படித்தான் பழுதாகிப்போயின. நாம் பயமில்லாமல் தயிர் சாப்பிடுவதில் அந்தப் பழுதுக்கும் பங்குண்டு.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் ஒன்றும் செய்வதில்லை. மோர்க்குழம்பு?
வாசகர், பள்ளத்தூர்

பதில்: தயிரிலும் பால் சர்க்கரை நிறையவே மிச்சமிருக்கும். பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதில்லை. ஆனால் அதை உடைக்கிற நொதியைத் தங்கள் உடம்புக்குள் வைத்துக்கொண்டு உங்கள் குடலுக்கு வருகின்றன. அங்கே பித்தநீர் பட்டு செல் உடைய, நொதி வெளியே வந்து உங்களுக்காக வேலை செய்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010இல் இதை ஒப்புக்கொண்டது; ஒரு கிராமில் 10 கோடி உயிருள்ள பாக்டீரியாவாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் அந்த நொதி காலி. நுரை கட்டியதும் இறக்கினாலும் சந்தேகம்தான். கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். நீர்மோர் என்றால் கவலையே வேண்டாம்.

கேள்வி: பேரனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. புரோபயாடிக் பாக்கெட் வாங்கிக் கொடுக்கலாமா, தயிர் போதுமா?
ஒரு ஆயா, கானாடுகாத்தான்

பதில்: அடிக்கடி என்றால் முதலில் டாக்டர். இங்கே கடிதம் எழுதிக் காத்திருக்கிற விஷயம் அல்ல அது. நிற்காமல் போனால் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் உயிர் காக்கும்.

புரோபயாடிக் எல்லாம் ஒன்றல்ல. பேர் ஒன்றாக இருந்தாலும் ரகம் வேறானால் பலனும் வேறு. நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2017இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரமின் ஒரு குறிப்பிட்ட ரகத்தையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையையும் முதல் வாரத்தில் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. அது அந்த ரகத்துக்கு, அந்த வயசுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் கிடைத்த பலன். கடையில் தொங்குகிற பாக்கெட்டுக்கு அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுக்க முடியாது. பையன் சாப்பிடுகிற வயசு என்றால் வீட்டுத் தயிர் சோறு தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் உறை இல்லாதபோது மிளகாய்க் காம்பு போட்டால் உறையும் என்கிறார்களே?
வாசகி, ஆத்தங்குடி

பதில்: உறையும். காம்பில் ஒட்டியிருக்கிற பாக்டீரியாக்களால்தான், மிளகாயின் காரத்தால் அல்ல. ஆனால் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரியாது. முதல் நாள் தயிரைச் சாப்பிடாமல், அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு மூன்று தடவை மாற்றி உறை ஊற்றிய பிறகு, வாடை நன்றாக இருந்தால் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்குவது இதைவிடச் சுலபம்.

கேள்வி: சீர் கொடுத்த பித்தளைத் தவலையில் தயிர் ஊற்றலாமா?
புது மணப்பெண், நற்சாந்துபட்டி

பதில்: வெள்ளீயம் பூசியிருந்து அது தேயாமல் இருந்தால் ஊற்றலாம், உறைந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளீயம் போய்ப் பித்தளை தெரிந்தால் கூடவே கூடாது. லாக்டிக் அமிலம் செம்பைக் கரைக்கும், களிம்பு ஏறும், வாந்தி வரும். தவலையைத் துலக்கி அழகுக்கு வையுங்கள். தயிருக்குப் பீங்கான் ஜாடியோ மங்குச் சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள், மங்கு உதிராமல் இருக்க வேண்டும்.

கேள்வி: கோடையில் புல்லுக்குத் தட்டுப்பாடு. ஊறுகாய்ப் புல் போடச் சொல்கிறார்கள். புளித்துப்போனதை மாடு தின்னுமா?
விவசாயி, கீழச்சிவல்பட்டி

பதில்: ஆசையாகத் தின்னும். ஒரு வாரம் பழக்கினால் போதும்.

தயிரில் நடப்பதுதான் புல்லிலும் நடக்கிறது. பயிரில் இருக்கிற சர்க்கரையை, காற்றில்லாத இடத்தில், லாக்டிக் பாக்டீரியா அமிலமாக்கும். புளிப்பு நாலை ஒட்டிய பி.எச். அளவுக்கு வந்துவிட்டால் அழுகவைக்கிற கிருமிகளால் தலைதூக்க முடியாது. இங்கே முக்கிய ஆள் பிளாண்டாரம். பாலோடு தங்கிவிட்ட தெர்மோபிலஸ் மாதிரி இல்லை, இது புல், ஊறுகாய், குடல் என்று ஊர் சுற்றுகிற ஜாதி. அதனால் எல்லாக் கருவியும் கையோடு வைத்திருக்கிறது, 33 லட்சம் எழுத்து. (2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை 25 ஆகப் பிரித்தபோது இதற்கும் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் என்று பேர் மாற்றிவிட்டார்கள். நான் வகுப்புக்கு எழுதி வைத்த குறிப்பெல்லாம் ஒரே நாளில் பழசு.)

மக்காச்சோளம் பால் முற்றும் பருவத்தில் இருந்தால் மிக நல்லது, இல்லையென்றால் கம்பு நேப்பியர். விரல் கணு நீளத்துக்கு நறுக்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: தண்ணீர் சொட்டினால் அரை நாள் வாடவிடுங்கள், கை திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, உருண்டையாக நின்று மெல்ல விரிந்தால் சரியான பதம். நேப்பியரில் சர்க்கரை குறைவு, அதனால் வெல்லப்பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். பிளாஸ்டிக் டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு ஏறி மிதியுங்கள், காற்று போக வேண்டும், வேலையே அதில்தான் இருக்கிறது. மூடி இறுக்கி நிழலில் 45 நாள் விடுங்கள்.

திறக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக, பழப் புளிப்பு வாடை வந்தால் கொடுக்கலாம். கெட்ட வெண்ணெய் வாடையோ, கையில் வழவழப்போ இருந்தால் ஈரம் அதிகமாகி வேறு கிருமி புகுந்துவிட்டது. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி உரக்குழியில் போடுங்கள், சினை மாட்டுக்கு அதன் பக்கத்தில் இருந்ததைக்கூடக் கொடுக்காதீர்கள். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்ததும் மூடியை உடனே இறுக்கிவிடுங்கள்.